கழிமுகத்து மணலில் ஒரு கூடாரம்

அக்கா கூடாரக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தாள். அவளுடைய இடது கை மூங்கில் பத்தைகளுக்குள் கட்டுண்டு மார்பில் தொங்கியது. வலது கையால் கம்பை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, ராயபுரத்தில் ஒரு பழைய சாமான் கிடங்கின் தரையில் மண்டியிட்டு, கழுத்து நரம்பு புடைக்க இழுத்தாள். துணி எழுந்து நின்றது. இழுத்த இழுப்பில் உதட்டோரம் கிழிந்து ரத்தம் வந்தது. அதைத் துடைக்காமலே கடைக்காரரைப் பார்த்து, "இது போதும். ஒத்தக் கையால நிக்க வெச்சிட்டேன், பாரு" என்றாள். எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. அக்கா என்று நினைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது அந்த முகம்தான்.

அக்காவின் புருஷன் துறைமுகத்தில் கரி மேஸ்திரி. கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரியைச் சுமக்கும் கூலிகள் எல்லோரும் அவர் கைக்குள் இருந்தார்கள். யாருக்கு அன்றைக்கு வேலை, யாருக்குப் பட்டினி என்பதை அவர் விரல் நீட்டிச் சொல்வார். மறுத்துப் பேசியவனைக் கரிக்கும்பலின் மேலேயே போட்டு மிதிப்பார். எனக்குக் கல்யாணமான வருஷமே புருஷன் காய்ச்சலில் போய்விட்டதால், கொருக்குப்பேட்டையில் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். பகலில் ராயபுரத்துக் கிடங்கு ஒன்றில் சாக்கு தைக்கும் வேலை. அவரை 'மாமா' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுதும்போதும் அந்தச் சொல்தான் வருகிறது. பழகிய வாய் மாறமாட்டேன் என்கிறது.

மாமா அக்காவை அடிக்காத வாரம் கிடையாது. சோறு குழைந்தால் அடி, குழையாவிட்டால் அடி. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒருமுறை நான் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் ஓடினேன். அங்கே இருந்தவர், "புருஷன் பொண்டாட்டி தகராறுக்கு எல்லாம் இங்க வராதம்மா" என்று திருப்பி அனுப்பினார். அன்று சாயங்காலமே அந்தச் செய்தி மாமாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கும் அடி விழுந்தது, எனக்கல்ல, அக்காவுக்கு.

கை உடைந்த சங்கதி வேறு. மாமாவிடம் உதை வாங்கிய கூலி ஒருவன் எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து அழுதாள். அக்கா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டாள். போகும்போது மடியில் அரிசியும் கட்டிவிட்டாள். மாமா திரும்பி வந்தபோது அதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். கரி வாரும் மண்வெட்டியை மூலையிலிருந்து எடுத்தார். முகத்தைக் காக்க அக்கா கையைத் தூக்கினாள். காம்பு இறங்கியது. பச்சை விறகை முழங்காலில் வைத்து ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். நான் இடையில் விழுந்தேன். என்னை எட்டி உதைத்துவிட்டு, கீழே கிடந்த அக்காவின் காதருகே குனிந்து சொன்னார்: "ஓடிப் போலாம்னு மட்டும் நெனைக்காத. பட்டணத்துல எந்த வூட்டுல நொழைஞ்சாலும் இஸ்துகினு வருவேன்."

அது வெறும் மிரட்டல் இல்லை. ரயிலடியிலும் மரக்கடைகளிலும் கள்ளுக்கடைகளிலும் அவருடைய ஆட்கள் இருந்தார்கள். எங்களுக்கு இருந்த ஒரே துணை, பழவேற்காட்டுக்கு வடக்கே உப்பளத்தில் இருந்த தாய்மாமன். அவர் ஊர்க்காரர்கள் ஒன்று சேர்ந்தால் யாரும் உள்ளே வரத் துணியமாட்டார்கள். அங்கே போக ரயில் இல்லாத வழி கால்வாய்ப் படகு. ஆனால் அது கார்த்திகைக் கடைசி. மழையில் கால்வாய் பெருகி, படகுகளை நிறுத்திவிட்டார்கள். வெள்ளம் வடியும்வரை எங்கேயாவது ஒளிந்திருக்க வேண்டும். யார் வீட்டில் தங்கினாலும் அந்த வீட்டுக்கு ஆபத்து.

வழி சொன்னது, எங்கள் கிடங்கு வாசலில் மீன் விற்கும், எண்ணூர் நெட்டுக்குப்பத்து அம்மா. கூடைக்காரம்மா என்போம். "கழிமொகத்துக்கு அந்தாண்ட மணல் திட்டு ஒண்ணு கீது. மழைக் காலத்துல ஆம்பளைங்களே அங்க போவ மாட்டாங்கோ. நான் தண்ணி கொணாந்து குடுக்கறேன். ஆனா ஒண்ணு, அங்க ஒரு கூரை கெடையாது, ஒரு மரம் கெடையாது. நனைஞ்சே செத்துப் போவீங்கோ. மேலுக்கு ஒரு மறைப்பும் குளிருக்கு ஒரு நெருப்பும் எடுத்துக்கினு வாங்கோ" என்றாள்.

அப்படித்தான், மாமா கப்பல் வேலைக்குப் போயிருந்த ஒரு நண்பகலில், நாங்கள் அந்தப் பழைய சாமான் கடை அண்ணாச்சியின் கிடங்குக்குப் போனோம். தெற்கத்திக்காரர். பெரிய சண்டை முடிந்தபின் பட்டாளத்தார் ஏலம்விட்ட சாமான்களை வாங்கிக் குவித்திருந்தார். பூட்ஸ், கம்பளி, தோல் பை, ஓட்டைத் தண்ணீர்க்குப்பி என்று கூரை வரைக்கும் கிடந்தது. கூடாரம் வேண்டும் என்றதும் முதலில் துரைமார் கூடாரம் ஒன்றைக் காட்டினார். உள்ளே கட்டில் போடலாம், ஆனால் அதை ஏற்ற மாட்டுவண்டி வேண்டும். "வண்டியில கொண்டு போவியளா, தலச்சுமையா?" என்று கேட்டார். தலைச்சுமைதான் என்றேன். அடுத்து ஒரு வெள்ளைத் துணிக் கூடாரத்தை விரித்தார். நல்ல லேசு. விரித்தவர் அக்காவின் கையை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பையும் பார்த்தார். எதுவும் கேட்காமல் அந்த வெள்ளைத் துணியைச் சுருட்டி உள்ளே தள்ளிவிட்டார். "இது தூரத்துல இருந்தே பளிச்சுனு தெரியும், தாயி. வேண்டாம்."

பிறகு எடுத்ததுதான் சிப்பாய்க் கூடாரம். மண் நிறத்தில், எண்ணெய் பூசிய தடித் துணி, இரண்டு பாதி. நடைப்பயணத்தில் ஒரு சிப்பாய் ஒரு பாதியைச் சுமப்பானாம், கூட வருகிறவன் மறு பாதியை. இறங்கிய இடத்தில் இரண்டையும் பித்தான் போட்டுச் சேர்த்தால் இரண்டு பேர் படுக்கலாம். கம்புகூட மூன்று துண்டாகக் கழன்றது. எனக்குப் பிடித்துவிட்டது. அக்கா மட்டும் தலையசைக்கவில்லை. "நீ தண்ணி எடுக்கப் போன நேரத்துல காத்துல சாஞ்சிடுச்சுன்னா? நான் நிமித்தணுமா இல்லியா?" என்று கேட்டுவிட்டுத் தரையில் மண்டியிட்டாள். அப்போதுதான் அந்தக் கயிற்றைப் பல்லால் கடித்தாள்.

நெருப்புக்குத்தான் அதிக யோசனை ஆயிற்று. விறகு மூட்டினால் புகை எழும்; அந்த வெட்டவெளியில் எண்ணூர் முழுக்கத் தெரியும். புகையில்லாத குமுட்டி அடுப்பை நான் எடுத்தேன். அண்ணாச்சி என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "மழைன்னா கூடாரத்த மூடிக்கிடுவிய. உள்ள கரி கனிஞ்சிட்டு இருந்தா மூச்சு முட்டும். தூங்குனா எந்திரிக்க மாட்டிய. எங்க ஊரு ஆளுவ ரெண்டு பேரு இப்படித்தான் போயிட்டாவ." திரி அடுப்பு காற்றில் நிற்காது. மிச்சம் இருந்தது பம்பு அடிக்கிற மண்ணெண்ணெய் அடுப்பு. பித்தளையில், கால்களைக் கழற்றி மடியில் கட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறியது. புகையில்லை, நீலச் சுவாலை, காற்றுக்கு அசையாது. ஒரே குறை, பற்றியதும் 'புஸ்' என்று இரைந்துகொண்டே இருக்கும். "சத்தம் பரவாயில்ல. அங்க கடலே எரைஞ்சிகினுதான கீது" என்றாள் அக்கா. விலைக்கு அவள் கால் கொலுசைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

கடலோரமாகவே நடந்தோம், மீன்கூடைப் பெண்களோடு பெண்களாக. கூடாரத்தின் ஒரு பாதி என் கூடையில், மறுபாதி அவள் கூடையில், மேலே ஓலை மூடி. திருவொற்றியூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. உடைந்த கை ஒவ்வொரு அடிக்கும் குலுங்கியிருக்கும். அக்கா ஒரு முனகல்கூட முனகவில்லை. கூடைக்காரம்மாவின் கட்டுமரத்தில் கழியைக் கடந்து திட்டில் இறங்கியபோது அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது.

மணலில் முளை நிற்கவில்லை. அடித்த முளையைக் காற்று பிடுங்கிப் போட்டது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை சாக்குத் தைப்பது. கொண்டுவந்த கோணிகளில் மணலை நிரப்பி வாயைத் தைத்து, கயிறுகளை அதில் கட்டி, பாதி புதைத்தேன். அதற்குப் பிறகு கூடாரம் அசையவில்லை. வாடைக் காற்றில் மணல் வந்து அறையும். நனைந்த சேலை உடம்போடு ஒட்டிக் குளிர் எலும்பைக் குடையும். அடுப்பைக் கூடார வாயில் வைத்து, துணியைப் பாதி தூக்கிவிட்டு, கஞ்சி காய்ச்சுவோம். அதே சூட்டில் துணியை உலர்த்தி அவள் கையில் ஒற்றடம் கொடுப்பேன். நீலச் சுவாலைக்கு முன்னால் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். காய்ச்சல் இறங்கியது. கூடைக்காரம்மா குடிதண்ணீரும் எண்ணெயும் கொண்டுவந்தபோது, கால்வாயில் வெள்ளம் வடிகிறது, படகுக்காரர்கள் கிளம்பப் பேசிக்கொள்கிறார்கள் என்றாள். அக்கா சிரித்தாள். அவள் முன்பல் ஒன்று பாதி உடைந்திருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. அக்கா அடுப்பை மூட்டி அலுமினியத் தூக்கில் கஞ்சி வைத்தாள். நான் கூடாரத்துக்குப் பின்னால் கிழிந்த மணல்மூட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பின் இரைச்சலில் துடுப்புச் சத்தம் எங்கள் இருவர் காதிலும் விழவில்லை. என் தலைமயிரை ஒரு கை கொத்தாகப் பிடித்துத் தூக்கியபோதுதான் திரும்பினேன். மாமாவும் அவருடைய ஆள் ஒருவனும். நெட்டுக்குப்பத்திலிருந்து கரி சுமக்கப் போகிறவன் எவனோ, திட்டில் இரண்டு பெண்கள் இருப்பதாக வாய்விட்டிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது.

மாமா என்னை அவனிடம் தள்ளினார். அவன் கையைக் கடித்தேன். பல் சதைக்குள் இறங்கியது. அவன் அலறிக்கொண்டு துடுப்பை எடுத்து என் காதோடு சேர்த்து அடித்தான். மணலில் விழுந்தேன். ஒரு பக்கத்துச் சத்தமெல்லாம் அறுந்துவிட்டது. அந்தக் காது அதற்கப்புறம் கேட்கவே இல்லை. கிடந்த இடத்திலிருந்து கூடார வாசல் தெரிந்தது.

"எழுந்து வாடி" என்றார் மாமா.

அக்கா உட்கார்ந்தபடியே இருந்தாள். "வரமாட்டேன்."

"இன்னா சொன்ன?"

"வரமாட்டேன்னு சொன்னேன். ஒன் வூட்டுக்கு இனிமே வரமாட்டேன்."

அவர் குனிந்தார். எத்தனையோ இடத்தில் பிடித்திருக்கலாம். கட்டுப்போட்ட கையைத்தான் பிடித்தார். பிடித்து முறுக்கினார். அக்கா போட்ட கூச்சல் மனிதக் குரலாகவே இல்லை. ஆனால் கூச்சலோடு அவளுடைய மற்றக் கை தூக்கின் பிடியைப் பற்றியிருந்தது. கொதித்துக்கொண்டிருந்த கஞ்சியை அப்படியே அவர் முகத்தில் வீசினாள்.

கஞ்சி தண்ணீரைப் போல வழிந்து ஓடாது, ஒட்டிக்கொள்ளும். மாமா இரண்டு கையாலும் முகத்தைப் பிய்த்துக்கொண்டு கூடாரத்துக்குள்ளேயே விழுந்தார். கம்பு முறிந்தது. அவர் எடையில் துணி சரிந்து அவர் மேலும் அடுப்பின் மேலும் மூடியது. அடுப்பு கவிழ்ந்து எண்ணெய் கக்கியது. எண்ணெய் பூசிய துணி குப்பென்று பற்றிக்கொண்டது. கயிறுகளும் மணல்மூட்டைகளும் துணியை நான்கு பக்கமும் இறுக்கிப் பிடித்திருந்தன. உள்ளே அவர் உதைத்து உருண்டார். வெளியே வர வழியில்லை. அவருடைய ஆள் ஒரு கணம் பார்த்தான், பிறகு படகை நோக்கி ஓடினான்.

நான் தவழ்ந்துபோய் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டேன். "வுடுக்கா. எரியட்டும். வுட்டுடு" என்று கத்தினேன். முழு மனதோடுதான் கத்தினேன். அவள் நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு என் கையை உதறிவிட்டு முன்னால் விழுந்தாள். துணியின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் வாயை வைத்து, பித்தான்களைப் பல்லாலும் ஒற்றைக் கையாலும் பிய்த்தாள். ஒவ்வொன்றாகத் தெறித்தது. துணி பிளந்ததும் ஈரக் கோணியை அவர் மேல் போட்டு, மணலை வாரி வாரிக் கொட்டினாள். அவளுடைய முன்மயிர் பொசுங்கி, புருவம் பொசுங்கி, கை முழுக்கக் கொப்புளம். நெருப்பு அடங்கியபோது மாமா மணலில் சுருண்டு கிடந்து தண்ணீர் கேட்டார். அக்கா பானையிலிருந்து மொண்டு கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

ஏன் காப்பாற்றினாய் என்று ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன். இரக்கத்தால் என்று அவள் சொல்லவில்லை. "ஆளு எரியற நாத்தம் மூக்குல ஏறிச்சுடி. அத்த வெச்சிகினு மிச்ச காலத்த தள்ள முடியாது. எனக்காவத்தான் செஞ்சேன்" என்றாள். அவள் சொல்வது புரிகிறது. ஆனால் அன்று எனக்கிருந்த எண்ணம் வேறு. அது இன்றும் மாறியதாகச் சொல்லமாட்டேன்.

கூச்சல் கேட்டு நெட்டுக்குப்பத்துப் பெண்கள் கட்டுமரங்களில் வந்தார்கள். முன்னால் நின்ற கூடைக்காரம்மா கையில் மீன் அரியும் கத்தி இருந்தது. ஓடிய ஆளை வழியிலேயே மடக்கி, துடுப்பாலேயே முதுகில் நன்றாகச் சாத்தி, திரும்ப இழுத்துவந்தார்கள். அவனையே மாமாவைத் தூக்கவைத்தார்கள். படகில் ஏற்றும்போது அக்கா எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. மற்றக் கண்ணால் அவர் அவளைப் பார்த்தார். "யாரும் கேட்டா இன்னா சொல்வியோ சொல்லிக்க. இந்தாண்ட மட்டும் வராத" என்றாள்.

பெண்டாட்டி கையால் வெந்தேன் என்று ஒரு மேஸ்திரி ஊரில் எப்படிச் சொல்லுவார்? கப்பலில் கொதிநீர்க் குழாய் வெடித்தது என்று சொல்லிக்கொண்டாராம். போலீஸும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ஒரு கண்ணோடும் வெந்த முகத்தோடும் திரும்பியவரிடம் கூலிகளுக்குப் பழைய பயம் இல்லை. சீக்கிரமே வேறொருவன் மேஸ்திரி ஆகிவிட்டான். சில வருஷம் கழித்து அவர் செத்துப்போன செய்தி உப்பளத்துக்கு வந்தபோது, அக்கா சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். வடித்து முடித்தாள். குளித்துவிட்டு வந்து சாப்பிட்டாள்.

திட்டைவிட்டு நாங்கள் ஏறிய கால்வாய்ப் படகு கிளம்பிய நாளில் வானம் வெளுத்திருந்தது. படகில் உப்பு வாங்கப் போகும் வெறும் கோணிகள் குவிந்து கிடந்தன. அக்கா அதன்மேல் சாய்ந்தாள். கரையோரம் ஆட்கள் கயிறு கட்டிப் படகை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். திடீரென்று அவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு ஒரு காதில்தான் கேட்டது. என்ன சத்தம் என்று முதலில் புரியவில்லை. அக்கா வாயைத் திறந்து, கையைப் பரப்பி, நல்ல வெயிலில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் குறட்டை விடுவாள் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. கொருக்குப்பேட்டை வீட்டில் அத்தனை காலம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், திட்டில் தோளோடு தோள் கிடந்தும் அவள் கண்ணயர்ந்து நான் பார்த்ததே இல்லை. படகுக்காரர் ஒருவர், "இன்னாம்மா இது, ரயில் இஞ்சின் கணக்கா கீது! தட்டி எழுப்பும்மா" என்றார். "வேணாம்ணா, தூங்கட்டும்" என்றேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பழவேற்காடு வரை அழுதேன்.

தாய்மாமன் காலமான பிறகு நாங்கள் இருவரும் இந்தப் பக்கமே திரும்பி வந்துவிட்டோம். இப்போது சாத்தாங்காட்டில் ஓர் ஓட்டு வீடு. எண்ணூரில் புகைபோக்கிகள் எழுந்துவிட்டன. நாங்கள் கிடந்த திட்டு எது என்று காட்டச் சொன்னால் எனக்கே தெரியாது. அக்காவின் இடது கை கோணலாகவே கூடிவிட்டது. அந்தக் கையால் ஒரு சொம்பைக்கூடத் தூக்க மாட்டாள். மத்தியானம் சாப்பிட்டதும் கதவை விரியத் திறந்துபோட்டு, கூடத்து நடுவில் மல்லாந்து படுத்துவிடுவாள். பிறகு தெருக்கோடி வரைக்கும் கேட்கும். பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்த பெண் போன வாரம் தயங்கித் தயங்கி வந்து, குழந்தை விழித்துக்கொள்கிறது, பெரியம்மாவைக் கொஞ்சம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லக்கூடாதா என்று கேட்டாள். நல்ல பெண். அவளை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன். ஆனால் அக்காவை எழுப்பவில்லை.